விந்தாலுவில் உருளைக்கிழங்கு கிடையாது

நேயர்களுக்கு வணக்கம். விந்தாலு என்ற குழம்பை ஹோட்டல் மெனு கார்டில் பார்த்திருப்பீர்கள். காரம் அதிகம் என்று பயந்து தாண்டியும் போயிருப்பீர்கள். இது கோவாவின் பன்றிக்கறிக் குழம்பு. ஆனால் நம் பக்கத்தில் பல ஹோட்டல்களில் இதில் உருளைக்கிழங்கைப் போட்டுவிடுகிறார்கள். ஒரு சமையல்காரரிடம் ஏன் என்று கேட்டேன். "பேர்லயே ஆலு இருக்கே சார்" என்றார்.

இந்தியில் ஆலு என்றால் உருளைக்கிழங்கு, சரி. ஆனால் இது அந்த ஆலு இல்லை. போர்த்துக்கீசிய மொழியில் 'வின்யு' என்றால் திராட்சை மது, 'அல்யு' என்றால் பூண்டு. மதுவிலும் பூண்டிலும் ஊறிய கறிக்கு அவர்கள் வைத்த பெயர்தான் கோவாக்காரர்களின் கொங்கணி மொழியில் புழங்கி விந்தாலு ஆனது. இன்னொன்று, கோவாக்காரர்கள் உருளைக்கிழங்கை ஆலு என்று சொல்வதே இல்லை. பட்டாட்டா என்பார்கள். மும்பை பட்டாட்டா வடை சாப்பிட்டிருப்பீர்களே, அதே பட்டாட்டா.

அட்லாண்டிக் கடலில் மதெய்ரா என்ற போர்த்துக்கீசியத் தீவு இருக்கிறது. பன்றிக்கறியைக் காடியிலோ, அதாவது வினிகரிலோ, மதுவிலோ பூண்டு தட்டிப் போட்டு ஊறவைத்து, அங்கே இன்றும் கிறிஸ்துமஸுக்குச் சமைக்கிறார்கள். ஐஸ்பெட்டி இல்லாத காலத்தில் கறி கெடாமல் இருக்கக் கண்ட வழி அது. நம் ஊரில் உப்புக்கண்டம் போட்டதும் இதற்காகத்தானே?

1510இல் போர்த்துக்கீசியத் தளபதி அல்புகர்க் கோவாவைப் பிடித்தார். அங்கே திராட்சைத் தோட்டம் ஏது? தென்னை இருந்தது. கள்ளைப் புளிக்கவிட்டுக் காடி எடுத்தார்கள். இலங்கை நேயர்கள் காடியை வினாகிரி என்பீர்கள். அதுவும் போர்த்துக்கீசியர் விட்டுப்போன சொல்தான்.

அப்புறம் மிளகாய். அமெரிக்கக் கண்டத்துச் செடி அது. நம் கரைக்குக் கொண்டுவந்தவர்கள் போர்த்துக்கீசியர். அதுவரை நமக்குக் காரம் என்றால் மிளகும் திப்பிலியும்தான். புதிதாக வந்த காய்க்கும் மிளகின் பெயரையே வைத்தோம், மிளகாய் என்று.

நான் கோவாவில் மட்காவ் என்ற ஊரில் வேலை பார்த்தபோது ஒரு கோவா கிறிஸ்தவர் வீட்டு மாடியில் குடியிருந்தேன். வீட்டுக்கார ஆன்ட்டி டிசம்பர் 22ஆம் தேதியே விந்தாலு வேலையைத் தொடங்கிவிடுவார். காஷ்மீரி மிளகாயின் விதையை உதறிவிட்டுக் காடியில் ஊறப்போடுவார். அதோடு பூண்டு, சீரகம், பட்டை, கிராம்பு, மிளகு எல்லாம் அம்மியில் ஏறும். விழுது வறண்டால் காடியைத்தான் தெளிப்பார், தண்ணீர் ஒரு சொட்டுக்கூடக் கிடையாது. நான் உதவுகிறேன் என்று ஈரக்கையோடு போய் நின்றேன். "தம்பி, முதல்ல கையைத் துடை! தண்ணி பட்டா கெட்டுப்போகும்" என்று விரட்டினார். கொழுப்பும் கறியுமாக நறுக்கிய ஒவ்வொரு துண்டையும் கையில் எடுத்து விழுதைத் தேய்ப்பார். விரல் இடுக்கெல்லாம் சிவந்து கிடக்கும்.

மறுநாள் மண்சட்டியில் கொதிக்கும்போது புளித்த வாசனை மாடிக்கு ஏறிவரும். எனக்கு இருப்புக் கொள்ளாது. தட்டோடு இறங்கிப் போனால், "இன்னைக்கு இல்ல" என்று சட்டியை மூடிவிடுவார். 25ஆம் தேதிதான் திறப்பார். மேலே செக்கச்செவேலென்று எண்ணெய் மிதக்கும். கூடவே சன்னாஸ். நம் இட்லி மாதிரிதான், கள் ஊற்றிப் பொங்கவைப்பது. முதல் வாயில் புளிப்பு, அடுத்துப் பூண்டு, அதன் பிறகுதான் காரம். அந்த வரிசையை நான் மறக்கவே இல்லை. காரம் கடைசியில்தான் வந்தது. இதைத் திரும்பத் திரும்பச் சொல்கிறேன், ஏனென்றால் இன்று விந்தாலு என்றாலே காரம் மட்டும்தான் என்றாகிவிட்டது.

அது எப்படி ஆனது என்பதை விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன், கடிகாரம் விடவில்லை. சுருக்கமாகச் சொல்கிறேன். நெப்போலியன் காலத்துப் போரில், 1799 முதல் 1813 வரை, ஆங்கிலேயப் படை கோவாவில் இருந்தது. பன்றியும் மாடும் தயங்காமல் சமைக்கும் கோவா சமையல்காரர்களை ஆங்கிலேயர்களுக்குப் பிடித்துப்போனது. கூடவே விந்தாலுவும் இங்கிலாந்து போனது. அங்கே பிற்காலத்து இந்தியச் சாப்பாட்டு ஹோட்டல்களில் அது காரத்தின் அளவுகோலாகிவிட்டது. 'மெட்ராஸ்' என்ற குழம்புக்கு மேல் ஒரு படி காரம் என்றால் விந்தாலு. காடி குறைந்தது, மிளகாய் கூடியது, உருளைக்கிழங்கும் உள்ளே வந்தது.

ஸ்டூடியோ கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து கை காட்டுகிறார்கள். வீட்டில் செய்து பார்க்கிறவர்களுக்கு ஒன்று: பன்றிக்கறி பழக்கமில்லை என்றால் கோழியில் செய்யுங்கள், நன்றாகவே வரும். காடியைக் குறைக்காதீர்கள், ஒரு ராத்திரியாவது வைத்திருந்து சாப்பிடுங்கள். வணக்கம்.