வெய்ன் பென்னட்: ஒரு போலீஸ்காரர் கோச் ஆன கதை

[திரையில்: பிரிஸ்பேன், லாங் பார்க் மைதானம், 6 மார்ச் 1988]

ஊருக்கே புது அணி. பெயர் பிரிஸ்பேன் பிராங்கோஸ். முதல் ஆட்டமே முந்தைய ஆண்டின் சாம்பியன் மேன்லியோடு. எப்படி அடி வாங்கப் போகிறார்களோ என்று நினைத்தால், 44-10 என்று பிராங்கோஸ் ஜெயித்துவிட்டது.

அந்த அணியின் கோச் வெய்ன் பென்னட். நிருபர் நீளமாக ஒரு கேள்வி கேட்டால் ஒற்றை வார்த்தையில் பதில் சொல்லிவிட்டு எழுந்து போகிற ஆள். இவரிடம் பேட்டி எடுப்பதற்குப் பேசாமல் சுவரிடம் கேட்டுவிடலாம். ஆனால் ரக்பி லீக் உலகில் இவரளவுக்கு நீண்ட காலம் கோச்சாக நிலைத்தவர்கள் அரிது. மொத்தம் 7 கோப்பைகள், 900-க்கும் மேற்பட்ட ஆட்டங்கள்.

கதைக்குப் போகும் முன் ஆட்டத்தைப் பற்றிக் கொஞ்சம். நம்மில் பலர் டிவியில் பார்த்திருப்பது 15 பேர் ஆடும் ரக்பி யூனியன். லீக் வேறு. 1895-இல் வட இங்கிலாந்து கிளப்புகள், ஆடப் போவதால் கூலி இழக்கும் தொழிலாளிகளுக்குப் பணம் தர வேண்டும் என்று கேட்டுப் பிரிந்து வந்ததில் பிறந்தது. அணிக்கு 13 பேர். பந்தோடு ஓடுபவரைக் கபடி போலப் பிடித்துக் கீழே சாய்ப்பதுதான் டேக்கிள். ஆறு டேக்கிளுக்குள் புள்ளி எதுவும் எடுக்கவில்லை என்றால் பந்து எதிரணிக்கு. சிட்னியிலும் பிரிஸ்பேனிலும் இதுதான் பெரிய ஆட்டம்.

சரி, பென்னட்.

[திரையில்: குயின்ஸ்லாந்தின் உள்நாட்டுச் சிற்றூர்கள்]

1950-ஆம் ஆண்டின் முதல் நாளில், ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்தில் அலோரா என்ற சிற்றூரில் பிறந்தார். குடிப்பழக்கத்தில் மூழ்கிய அப்பா, இவர் சிறுவனாக இருக்கும்போதே குடும்பத்தை விட்டுப் போனார். பென்னட் வாழ்நாள் முழுக்க மதுவைத் தொடாததற்கான காரணத்தை வேறெங்கும் தேட வேண்டியதில்லை. இளம் வயதிலேயே போலீஸில் சேர்ந்தார்.

ஆட்டக்காரராக அவர் மோசமில்லை, பெரிய நட்சத்திரமும் இல்லை. குயின்ஸ்லாந்துக்கு ஆடினார். 1971-இல் ஆஸ்திரேலிய அணியோடு நியூசிலாந்து போனார். அடுத்து இங்கிலாந்தின் ஹடர்ஸ்ஃபீல்டில் ஒரு சீசன். அவ்வளவுதான்.

அவரைக் கோச்சாக வடித்தது மைதானம் என்பதைவிட போலீஸ் அகாடமி என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அங்கே அவர் பயிற்றுநர். பதினெட்டு, பத்தொன்பது வயதுப் பையன்களைப் பார்த்துப் பார்த்து, இவன் தேறுவான், இவனை இப்படித் தட்டினால் உடைந்துபோவான் என்று ஆளை எடைபோடும் வேலை. அப்படி வந்த பையன்களில் ஒருவர்தான் பின்னாளில் ஆஸ்திரேலிய கேப்டனாக உயர்ந்த மால் மெனிங்கா. பென்னட்டின் கீழ் பிரிஸ்பேனின் சவுத்ஸ் கிளப்பிலும் ஆடினார். அந்த கிளப் 1984 இறுதி ஆட்டத்தில் வினம் மேன்லி என்ற இன்னொரு பிரிஸ்பேன் கிளப்பிடம் 42-8 என்று நொறுங்கியது. மறு ஆண்டு அதே எதிரணி, அதே இறுதி ஆட்டம், 10-8. இந்த முறை கோப்பை சவுத்ஸுக்கு.

1987-இல் கான்பெராவில் இணைக் கோச்சாக ஒரு வருடம். அப்புறம் பிராங்கோஸ்.

இங்கேதான் நாம் கொஞ்சம் நிற்க வேண்டும். பிராங்கோஸின் முதல் கேப்டன் வாலி லூயிஸ். குயின்ஸ்லாந்தில் அவருக்குப் பட்டப்பெயரே 'ராஜா'. 1990 சீசனுக்கு முன் அந்த ராஜாவிடமிருந்து கேப்டன் பதவியைப் பென்னட் பறித்தார். ஊரே கொதித்தது. அந்த ஆண்டு முடிந்ததும் லூயிஸ் வேறு கிளப்புக்குப் போய்விட்டார். கோச் தோற்றிருந்தால் அவரை ஊரை விட்டே துரத்தியிருப்பார்கள். ஆனால் 1992-லும் 1993-லும் அடுத்தடுத்து கோப்பை வந்தது. கேப்டன், ஆலன் லாங்கர் என்ற குள்ள உருவம்.

இப்போது 2001-க்கு வாருங்கள். ஸ்டேட் ஆஃப் ஆரிஜின் என்பது குயின்ஸ்லாந்தும் நியூ சவுத் வேல்ஸும் ஆண்டுதோறும் மோதும் மூன்று ஆட்டத் தொடர். முந்தைய ஆண்டு குயின்ஸ்லாந்து மூன்றிலும் தோற்றது, கடைசி ஆட்டத்தில் 56-16. பென்னட் பொறுப்பேற்று, முதல் ஆட்டத்தில் ஒரேயடியாக 10 புதுமுகங்களை இறக்கி ஜெயித்தார். இரண்டாவது ஆட்டம் தோல்வி. மூன்றாவது ஆட்டம் தான் முடிவு. அப்போது அவருக்கு நினைவு வந்தவர், 34 வயதில் இங்கிலாந்தின் வாரிங்டனில் ஆடிக்கொண்டிருந்த லாங்கர்! ரகசியமாகப் பேசி, விமானத்தில் வரவழைத்தார். ஆஸ்திரேலியாவை விட்டுப் போனவரை இப்படி அழைப்பார்கள் என்று யாரும் நினைக்கவில்லை. குயின்ஸ்லாந்து 40-14.

ஊர் கொண்டாடிய ஒருவரை இறக்கிவிட்டதும் இவர்தான், காலம் முடிந்தது என்று எல்லோரும் நினைத்த ஒருவரைக் கூட்டிவந்ததும் இவர்தான். இன்று லாங் பார்க்கின் வெளியே லூயிஸுக்கும் சிலை இருக்கிறது, லாங்கருக்கும் சிலை இருக்கிறது.

[திரையில்: லீட்ஸ், எல்லண்ட் ரோடு, 2005]

தோல்விகளையும் சொல்லிவிடுவோம். ஆஸ்திரேலிய தேசிய அணிக்குக் கோச்சாக இருந்தபோது முத்தரப்புத் தொடரின் இறுதி ஆட்டத்தில் நியூசிலாந்திடம் 24-0. ஊர் திரும்பிய பென்னட், காத்திருந்த நிருபர்களைச் சந்திக்காமல் விமான நிலையத்தின் பின்வழியாக நழுவினார். அதற்காக நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார், அப்புறம் பதவியையும் விட்டார். மூன்று ஆண்டு கழித்து, 2008 உலகக் கோப்பை இறுதி ஆட்டம். அதே பிரிஸ்பேனில், ஆஸ்திரேலியாவை நியூசிலாந்து 34-20 என்று வீழ்த்துகிறது. நியூசிலாந்து கோச் ஸ்டீஃபன் கெர்னிக்குப் பக்கத்தில் ஆலோசகராக உட்கார்ந்திருந்தவர் யார்? நம்ம ஆள்தான்.

1997, 1998, 2000, 2006 என்று பிராங்கோஸ் மேலும் நான்கு கோப்பைகள் வென்றது. 2006 இறுதி ஆட்டத்தில் எதிரணி மெல்போர்னின் கோச் கிரேக் பெல்லமி, பென்னட்டிடமே உதவிக் கோச்சாக இருந்தவர். பிறகு 2010-இல் செயின்ட் ஜார்ஜ் இல்லவாரா கிளப்பின் கோச்சாக அவருடைய ஏழாவது கோப்பை. ஆனால் அடுத்து போன நியூகாசிலில் மந்திரம் பலிக்கவில்லை. அவர் கிளம்பிய பின் அந்த கிளப் தொடர்ந்து மூன்று ஆண்டு கடைசி இடம். அந்தப் பழியில் ஒரு பங்கு அவருடையது என்று சொல்பவர்களை முழுக்க மறுக்க முடியாது.

2015-இல் பழைய பிராங்கோஸின் கோச்சாகத் திரும்பவும் இறுதி ஆட்டம். நேரம் முடிந்த பின் எதிரணி நார்த் குயின்ஸ்லாந்து ஒரு ட்ரை போட்டு, அதாவது பந்தை எல்லைக்கோட்டுக்கு அப்பால் தரையில் வைத்து, சமன் செய்தது. கூடுதல் நேரத்தின் முதல் உதையையே பிராங்கோஸ் ஆட்டக்காரர் கையிலிருந்து நழுவவிட்டார். 17-16 என்று தோல்வி. 2021-இல் சவுத் சிட்னியின் கோச்சாக இன்னொரு இறுதி ஆட்டம், பென்ரித்திடம் 14-12 என்று தோல்வி. இரண்டு தோல்விக்கும் சேர்த்து மொத்த வித்தியாசம் மூன்றே புள்ளி.

[திரையில்: லாங் பார்க், 5 மார்ச் 2023]

மறுபடியும் பென்னட் கையில் ஒரு புது அணி. பெயர் டால்ஃபின்ஸ், பிரிஸ்பேனை அடுத்த ரெட்கிளிஃப் பகுதியைச் சேர்ந்தது. பெரிய நட்சத்திரங்கள் யாரும் வர ஒப்புக்கொள்ளாத அணி. முதல் ஆட்டம் சிட்னி ரூஸ்டர்ஸோடு. 28-18, டால்ஃபின்ஸ் வெற்றி. பிராங்கோஸின் அந்த முதல் ஆட்டத்துக்கு 35 ஆண்டு நிறைய ஒரே நாள் பாக்கி.

அடுத்த வாரம் எதிரணி கான்பெரா, அதற்கடுத்து நியூகாசில். இரண்டுமே அவர் வேலை பார்த்த இடங்கள். இரண்டையும் ஜெயித்தார். 2025-இல், 75 வயதில், மூட்டையைக் கட்டிக்கொண்டு மறுபடி சவுத் சிட்னிக்குப் போனார்.