கசக்கிக் கட்ட விடுங்கள்

அவைத் தலைவர் அவர்களே, மேடையில் வீற்றிருக்கும் தொழிலதிபர் பெருமக்களே, எனக்கு முன் அருமையாகப் பேசி அமர்ந்த பேராசிரியர் அம்மா அவர்களே, சால்வை போர்த்திச் சிறப்பித்த செயலாளர் அவர்களே, கடைசி வரிசை நண்பர்களே, வணக்கம்.

பெரிய நுகர்பொருள் நிறுவனங்கள் சுழற்சிப் பொருளாதாரத்தை, அதாவது பொருளைக் குப்பையில் போடாமல் திரும்பத் திரும்பப் பயன்படுத்துவதை, எப்படித் தொழிலாக்குகின்றன என்பது தலைப்பு. விற்காமல் வாடகைக்குக் கொடுப்பது, காலி டப்பாவை வாங்கி மறுபடி நிரப்புவது, பழையதைத் திரும்ப வாங்கி விற்பது, மூன்றையும் பார்ப்போம். ‘கந்தையானாலும் கசக்கிக் கட்டு’ என்றார்களே, அதுதான் மூன்றுக்கும் மூலம்.

முதலில் வாடகை. ஆம்ஸ்டர்டாம் ஸ்கிபோல் விமான நிலையத்தில் 2015-ல் பிலிப்ஸ் ஒன்று செய்தது. நிலையம் வெளிச்சத்துக்குப் பணம் கட்டும். விளக்குகள் பிலிப்ஸுக்கே சொந்தம் என்பது ஏற்பாடு. கெட்டால் செலவு தன் தலையில் அல்லவா? பாகங்களைத் தனித்தனியாக மாற்றும்படி, வழக்கமான விளக்கைவிட 75 சதவீதம் கூடுதலாக உழைக்கும்படி வடிவமைத்தார்கள். தன் சொத்து என்றால் கம்பெனிக்கு வழி தெரிகிறது. நம் சொத்து என்றால்?

என் வீட்டு வாஷிங் மெஷினில் கதவுக் கொக்கி உடைந்தது. கட்டைவிரல் நகமளவு பிளாஸ்டிக். மோட்டார் கல்லு மாதிரி இருக்கிறது, டிரம் பளபளக்கிறது. கம்பெனிக்குப் போன் போட்டேன். “கொக்கி தனியா வராதுங்க, கதவையே மாத்தணும்.” சரி, கதவைக் கொடுங்கள் என்றேன். இரண்டு வாரம் கழித்து, “அந்த மாடல் நின்னுபோச்சு சார், எக்ஸ்சேஞ்சுல புதுசு எடுத்துக்குங்க.” வீட்டில் துணி மலையாகக் குவிந்துவிட்டது. கடைசியில் தெரிந்த மெக்கானிக் தம்பி வந்தார். பழைய பல் துலக்கும் பிரஷ்ஷின் காம்பை வெட்டி, அரத்தால் ராவி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, ஒரு கொக்கி செய்து மாட்டினார். ‘டக்’ என்று கதவு பூட்டிக்கொண்டது. அப்புறம் நாலு வருடம் ஓடியது! கந்தையைக் கசக்கிக் கட்ட நாம் தயார். ஊசியும் நூலும்தான் தர மறுக்கிறார்கள்.

தலைவர் மணி அடித்துவிட்டார். பழையதைத் திரும்ப வாங்கி விற்பதை இன்று விட்டுவிடுகிறேன். மறுநிரப்பு பற்றி ஒரே வார்த்தை: 2030-க்குள் 25 சதவீதம் மறுபயன்பாட்டுப் பாட்டில் என்று கோகோ கோலா 2022-ல் அறிவித்தது, 2024 டிசம்பரில் வெளியிட்ட புதிய இலக்குகளில் அது இல்லை. வாக்குறுதி போதாது, சட்டம் வேண்டும். பிரான்சில் வாஷிங் மெஷின், செல்போன் போன்றவற்றைப் பழுதுபார்ப்பது எவ்வளவு எளிது என்று பத்துக்கு இத்தனை என மதிப்பெண் ஒட்டித்தான் விற்க வேண்டும் என்ற விதி 2021-ல் நடைமுறைக்கு வந்தது.

உதிரிபாகம் பத்து வருடம் தனியாகக் கிடைக்க வேண்டும் என்ற மனு வாசல் மேசையில் இருக்கிறது. தொழிலதிபர் பெருமக்கள் முதல் கையெழுத்தைப் போட்டுத் தொடங்கிவைக்க வேண்டுகிறேன். பேனாவும் அங்கேயே வைத்திருக்கிறேன்.