ஏழு பேர் எங்கே போனார்கள்?

வணக்கம், நேயர்களே. உளவியலில் ஆய்வு செய்கிறவர்களுக்கும் இனிமேல் செய்யப் போகிறவர்களுக்கும் பயன்படட்டும் என்று, ஆய்விதழுக்குக் கட்டுரை அனுப்புவது பற்றிப் பேச வந்திருக்கிறேன். ஆய்விதழ் என்றால் நாம் பேச்சில் ஜர்னல் என்று சொல்கிறோமே, அதுதான்.

என் அனுபவம் ஒன்றிலிருந்து தொடங்குகிறேன். நான் அனுப்பிய இரண்டாவது கட்டுரை அது. ஆய்வை எப்படிச் செய்தோம் என்று சொல்லும் முறையியல் பகுதியில் 120 பேர் கலந்துகொண்டார்கள் என்று எழுதியிருந்தேன். இரண்டு குழுக்களின் சராசரிகளை ஒப்பிடும் டி சோதனை என்ற புள்ளியியல் கணக்கைச் செய்து, முடிவுகள் பகுதியில் டிகிரி ஆஃப் ஃப்ரீடம் 111 என்று போட்டிருந்தேன். இந்தச் சோதனையில் அது ஆட்களின் எண்ணிக்கையைவிட இரண்டு குறைவாக வரும் எண். மூன்று மாதம் கழித்து மதிப்பாய்வு வந்தது, அதாவது இதழ் கேட்டுக்கொண்டபடி அதே துறை ஆய்வாளர்கள் கட்டுரையைப் படித்து எழுதிய கருத்து. இரண்டாவது மதிப்பாய்வாளரின் முதல் குறிப்பே இதுதான்: "இந்தச் சோதனையில் 111 என்றால் ஆட்கள் 113 பேர். மீதி ஏழு பேர் எங்கே போனார்கள்?"

அந்த ஏழு பேர் வினாத்தாளில் எல்லாக் கேள்விக்கும் ஒரே எண்ணை வட்டமிட்டவர்கள். அக்கறையில்லாமல் பதில் சொன்னவர்கள் என்று நினைத்து நீக்கிவிட்டேன். நீக்கியதில் தவறில்லை. ஆனால் தரவைப் பார்த்த பிறகுதான் நீக்கினேன், அதைக் கட்டுரையில் ஒரு வரிகூட எழுதவில்லை. மறைக்க வேண்டும் என்ற எண்ணம் சத்தியமாக இல்லை. இதையெல்லாம் எழுத வேண்டுமா என்று விட்டுவிட்டேன், அவ்வளவுதான். அந்தக் குறிப்பைப் படித்த அன்று இரவு, ஏழு பேரையும் சேர்த்துக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். இரண்டு குழுக்களுக்கும் இடையே வித்தியாசம் இருந்தது, ஆனால் நான் எழுதிய அளவுக்கு உறுதியாக இல்லை.

இது ஏன் இவ்வளவு பெரிய விஷயம்? 2011-இல் சிம்மன்ஸ், நெல்சன், சைமன்சோன் என்ற மூன்று ஆய்வாளர்கள் இதைக் கணினியில் கணக்கிட்டுக் காட்டினார்கள். எதை அளவையாக எடுப்பது, இன்னும் சிலரைச் சேர்ப்பதா, ஒரு குழுவை விட்டுவிடுவதா, பாலினத்தைக் கணக்கில் கொள்வதா என்று தரவைப் பார்த்தபடியே நான்கு முடிவுகளை மாற்றிக்கொண்டே போனால், இல்லாத விளைவை இருப்பதாகக் காட்டிவிடும் வாய்ப்பு 5 சதவீதத்திலிருந்து 60 சதவீதத்துக்கு மேல் போய்விடுகிறது. இதில் யாரும் பொய் சொல்லவில்லை. ஒவ்வொரு முடிவுக்கும் தனித்தனியாக ஒரு நியாயமும் இருக்கும்.

அதன் விளைவு 2015-இல் தெரிந்தது. உளவியலின் முன்னணி ஆய்விதழ்களில் வந்த 100 ஆய்வுகளை ஒரு பெரிய கூட்டுக் குழு திரும்பச் செய்து பார்த்தது. மூல ஆய்வுகளில் 97 சதவீதம் புள்ளியியல் முக்கியத்துவம் உள்ள முடிவை, அதாவது வெறும் தற்செயல் என்று எளிதில் ஒதுக்கிவிட முடியாத முடிவைக் காட்டியிருந்தன. திரும்பச் செய்தபோது 36 சதவீதம்தான் காட்டின. இந்தத் துறையில் இருக்கிற யாருக்கும் அது சாதாரணச் செய்தி இல்லை.

அதனால்தான் இன்றைக்கு நல்ல ஆய்விதழ்கள் நான்கு விஷயங்களைத் தெளிவாக எழுதச் சொல்கின்றன. இத்தனை பேர் போதும் என்று எப்படி முடிவு செய்தீர்கள், யாரை, எந்த விதிப்படி நீக்கினீர்கள், என்னென்ன நிலைமைகளை மாற்றிப் பார்த்தீர்கள், என்னென்ன அளந்தீர்கள். அளந்துவிட்டுப் பயன்படுத்தாமல் விட்டதையும் சொல்ல வேண்டும். மாணவர்கள் கட்டுரையைக் கொண்டு வந்து காட்டினால் நான் அறிமுகத்தைப் படிப்பதற்கு முன் இந்த நான்கையும்தான் தேடுவேன். முன்பின் தெரியாத ஒருவர் உங்கள் முறையியல் பகுதியை மட்டும் கையில் வைத்துக்கொண்டு, உங்களிடம் எதுவும் கேட்காமல் அதே ஆய்வைச் செய்ய முடிய வேண்டும்.

சரி, எங்கே அனுப்புவது? என் முதல் கட்டுரை நான்கே நாளில் திரும்பி வந்தது. மதிப்பாய்வுக்கே போகவில்லை. பதிப்பாசிரியர் மேசையிலேயே நின்றுவிட்டது. அந்த இதழ் சோதனைக்கூட ஆய்வுகளை மட்டும் வெளியிடுவது, நான் அனுப்பியதோ கள ஆய்வு. அந்த இதழின் கடைசி இரண்டு வருட இதழ்களைப் புரட்டிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். உங்கள் மேற்கோள் பட்டியலைப் பாருங்கள். எந்த இதழின் பெயர் அதில் அடிக்கடி வருகிறதோ, உங்கள் வாசகர்கள் பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறார்கள்.

அனுப்பிய மறுவாரமே ஏற்றுக்கொண்டோம், பணம் கட்டுங்கள் என்று எழுதும் இதழ்களிடம் தயவுசெய்து போகாதீர்கள். கட்டணம் வாங்குவது மட்டும் குற்றமில்லை. யார் வேண்டுமானாலும் இலவசமாகப் படிக்கக்கூடிய திறந்த அணுக்க இதழ்களில் நல்லவையும் வாங்குகின்றன. ஆனால் உங்கள் கட்டுரையை யாருமே படித்துப் பார்க்காத இடத்தில் அது வந்து என்ன பயன்? அப்புறம், ஒரே கட்டுரையை ஒரே நேரத்தில் இரண்டு இதழ்களுக்கு அனுப்பக் கூடாது. ஒன்று கையை விரித்த பிறகுதான் அடுத்தது.

வடிவமைப்பைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். அமெரிக்க உளவியல் சங்கத்தின் எழுத்து விதிகள் 1929-இல் ஏழு பக்கக் கட்டுரையாகத்தான் தொடங்கின. இப்போது அது தடித்த புத்தகம், 2019-இல் ஏழாம் பதிப்பு வந்தது. இரட்டை வரி இடைவெளி, 250 சொற்களுக்கு மிகாத சுருக்கம் போன்றவற்றை இதழின் வழிகாட்டுதலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒரு மாலையில் முடித்துவிடலாம்.

ஆனால் பெயர் மறைத்தல் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பல இதழ்கள் ஆசிரியர் யாரென்று மதிப்பாய்வாளருக்குத் தெரியாமல் அனுப்பச் சொல்கின்றன. தலைப்புப் பக்கத்தைத் தனிக் கோப்பாக்கினால் மட்டும் போதாது. நன்றியுரை, 'எங்கள் முந்தைய ஆய்வில் கண்டதுபோல' என்ற தொடர், கோப்பின் பண்புகளில் ஒளிந்திருக்கும் உங்கள் பெயர், எல்லாவற்றையும் நீக்க வேண்டும்.

இதற்கு ஏன் இவ்வளவு மெனக்கெட வேண்டும் என்று கேட்டால், பீட்டர்ஸ், செசி என்ற இருவர் 1982-இல் வெளியிட்ட ஆய்வைத்தான் சொல்வேன். புகழ்பெற்ற துறைகளைச் சேர்ந்தவர்கள் எழுதி ஏற்கெனவே வெளியான 12 உளவியல் கட்டுரைகளை எடுத்தார்கள். ஆசிரியர் பெயரையும் நிறுவனத்தின் பெயரையும் யாரும் கேள்விப்படாதவையாக மாற்றினார்கள். வெளியிட்ட அதே இதழ்களுக்கே திரும்ப அனுப்பினார்கள். ஏற்கெனவே வெளியானவை என்று இதழ்க்காரர்கள் மூன்றைத்தான் கண்டுபிடித்தார்கள். மீதி ஒன்பதில் எட்டு நிராகரிக்கப்பட்டன, பலவற்றுக்கு முறையியலில் கடுமையான குறை என்று காரணம் சொல்லப்பட்டது. உளவியல் இதழாக இருந்தாலும், மனித மனத்தின் சாய்வுகளுக்கு அப்பாற்பட்டது இல்லை. நிராகரிப்புக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு இனி ஆய்வே வேண்டாம் என்று சொல்லும் இளைஞர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனசு கஷ்டமாக இருக்கும். அவர்களிடம் இந்தக் கதையைச் சொல்வேன். அந்த எட்டுக் கட்டுரைகளும் ஒருமுறை ஏற்கப்பட்டவைதான்.

தரவைப் பார்த்தபடி முடிவுகளை மாற்றிக்கொள்ளும் பழக்கத்தைத் தடுக்க ஒரு நல்ல வழி வந்திருக்கிறது. 2013-இல் கார்டெக்ஸ் என்ற இதழ் தொடங்கி வைத்தது. தரவு திரட்டுவதற்கு முன்பே கேள்வியையும் முறையையும் அனுப்பிவிடலாம். மதிப்பாய்வு அப்போதே நடக்கும். திட்டம் சரியாக இருந்தால், சொன்னபடி செய்து முடிக்கும்போது முடிவு எப்படி வந்தாலும் வெளியிடுகிறோம் என்று இதழ் முன்கூட்டியே ஒப்புக்கொள்ளும். இன்று பல இதழ்களில் இந்த வசதி உண்டு. கேள்வி தெளிவாக இருக்கிற ஆய்வு என்றால் இதையே தேர்ந்தெடுங்கள்.

மதிப்பாய்வு வந்த பிறகு என்ன செய்வது? ஒருமுறை படித்துவிட்டு மூடி வையுங்கள். இரண்டு நாள் போகட்டும். பிறகு ஒவ்வொரு குறிப்பையும் அப்படியே எடுத்து எழுதி, அதன் கீழே என்ன மாற்றினீர்கள், எந்தப் பக்கத்தில் என்று எழுதுங்கள். ஒப்புக்கொள்ள முடியாத இடத்தில் மரியாதையாகக் காரணம் சொல்லி மறுக்கலாம். நானும் மறுத்திருக்கிறேன், பதிப்பாசிரியர் ஏற்றுக்கொண்டும் இருக்கிறார். மதிப்பாய்வாளர் தவறாகப் புரிந்துகொண்டார் என்று கோபம் வந்தால், அவர் எந்த வாக்கியத்தைப் படித்து அப்படிப் புரிந்துகொண்டார் என்று தேடுங்கள். பெரும்பாலும் அந்த வாக்கியம் திருத்த வேண்டியதாகத்தான் இருக்கும்.

என் கட்டுரைக்கு வருகிறேன். ஏழு பேரைப் பற்றி ஒரு பத்தி எழுதினேன். எந்த விதிப்படி நீக்கினேன், எப்போது முடிவு செய்தேன் என்று சொன்னேன். அவர்களைச் சேர்த்தும் விட்டும் இரண்டு கணக்குகளையும் அட்டவணையில் போட்டேன். தலைப்பில் 'குறைக்கிறது' என்றிருந்ததை 'குறைக்கக்கூடும்' என்று மாற்றச் சொன்னார் பதிப்பாசிரியர், மாற்றினேன். இன்னொரு சுற்றுக்குப் பிறகு ஏற்றுக்கொண்டார்கள். வெளியாவதற்கு முன் கடைசியாகச் சரிபார்க்கும் அச்சுப்படி திருத்த வந்தபோது 48 மணி நேரம் கொடுத்திருந்தார்கள். நேராக அந்த அட்டவணைக்குப் போனேன். ஒரு வரிசையில் 120, அடுத்த வரிசையில் 113. இரண்டும் சரியாக இருந்தன.

நன்றி, வணக்கம்.