தம்மை விட்ட மூணாம் நாள் கை நடுங்குதா? முதல்ல டீ கிளாஸைப் பாருங்க

[திரையில்: சாயங்காலம் ஆறரை மணி, ஊட்டி சேரிங் கிராஸ். டீக்கடை, ஆவி பறக்கும் கிளாஸ்.]

தம்மை விட்டு இன்னிக்கு மூணாவது நாள். கை லேசா நடுங்குது, நெஞ்சு படபடங்குது, ராத்திரி தூக்கமே வரல. வீட்டுல யாரு என்ன கேட்டாலும் எரிஞ்சு விழத் தோணுது. சிகரெட் இல்லாம இந்த உடம்பு தாங்காது போலன்னு காலு பெட்டிக்கடைப் பக்கம் திரும்புது.

கொஞ்சம் நில்லுங்க. கையில இருக்கிற டீ இன்னிக்கு எத்தனாவது கிளாஸ்? அஞ்சாவதா, ஆறாவதா? அப்படின்னா அந்த நடுக்கத்துல டீக்கும் ஒரு பங்கு இருக்கு. ஏன்னு சொல்றேன், கடைசி வரைக்கும் பாருங்க.

வணக்கம் மக்களே. நீலகிரியில குளிருக்கு ஒரு டீ, டீக்கு ஒரு தம். இந்த ஜோடியைப் பிரிக்கிறதுதான் இங்க பெரிய பாடு. அதனால புகையை விட்ட முதல் சில நாளை எப்படித் தாண்டறதுன்னு மலையில இருக்கிறவங்களுக்குன்னே பேசப் போறோம்.

அடிப்படையை வேகமா முடிச்சிடுவோம். புகையை இழுத்த 10, 20 செகண்டுல நிகோடின், அதாவது புகையிலையில நம்மை அடிமையாக்குற பொருள், மூளைக்குப் போயிடும். ரத்தத்துல அதோட அளவு சுமார் 2 மணி நேரத்துல பாதியாயிடும். அதனாலதான் கை மறுபடி மறுபடி பாக்கெட்டைத் தேடுது. விட்ட சில மணி நேரத்துலயே எரிச்சல், பதற்றம், பசி எல்லாம் ஆரம்பிக்கும். 2, 3-வது நாள்தான் உச்சம். அப்புறம் 2 முதல் 4 வாரத்துல படிப்படியா அடங்கும். நடுநடுவுல வாய் நமநமன்னு ஒரு வெறி வருதே, அதைத் தனியா கடிகாரம் வச்சுப் பார்த்தா பெரும்பாலும் 5 நிமிஷம், மிஞ்சிப்போனா 10 நிமிஷம். சரி, டீக்கு வருவோம்.

[திரையில்: டீ ஃபேக்டரி வாசல், பச்சை இலை இறக்கும் லாரி.]

டீயில இருக்கிற கஃபீனை உடைச்சு வெளியேத்தறது கல்லீரல். அந்த வேலைக்கு அங்க சிஒய்பி 1ஏ2ன்னு ஒரு நொதி இருக்கு. சிகரெட்டோ பீடியோ எரியும்போது வர்ற தார்ல சில வேதிப்பொருள்கள் இருக்கு, அதுங்க கல்லீரலைத் தூண்டி இந்த நொதியை அதிகமா தயாரிக்க வைக்கும். புகைபிடிக்காத ஒருத்தர் உடம்புல கஃபீன் பாதியாக் குறைய சுமார் 5, 6 மணி நேரம் ஆகும்னா, புகைபிடிக்கிறவருக்கு ஏறக்குறைய 3 மணி நேரம் போதும்.

குன்னூர் பக்கம் ஒரு டீ ஃபேக்டரியை நினைச்சுக்கோங்க. தினமும் ஆறு லாரி இலை வருது. அத்தனையும் தேங்காம ஓடறதுக்காக முதலாளி ஆளை ரெண்டு மடங்கு ஆக்கிட்டார். திடீர்னு ஒரு நாள் அந்தக் கூடுதல் ஆளுங்க ஒவ்வொருத்தரா நிக்க ஆரம்பிக்கிறாங்க. ஆனா லாரி மட்டும் அதே ஆறு. ரெண்டு மூணு நாள்ல முற்றம் பூரா இலை குவிஞ்சு கிடக்கும் இல்லையா? உங்க கல்லீரல்ல நடக்கறது அதேதான். புகை நின்னதும் கூடுதலா இருந்த நொதி ஏறக்குறைய ஒன்றரை நாளைக்கு ஒருதரம் பாதி பாதியாக் குறையும், ஒரு வாரத்துல பழைய அளவுக்கு வந்துடும். நீங்க குடிக்கிற டீ மாறல. ஆனா ரத்தத்துல தங்குற கஃபீன் கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு ஆயிடும்.

இப்ப நாளைக் கணக்குப் போடுங்க. நிகோடின் இல்லாத தவிப்பு உச்சத்துக்குப் போறது 2, 3-வது நாள். கஃபீன் குவியறதும் அதே நாள்கள்ல. தூக்கமின்மை, பதற்றம், எரிச்சல், நடுக்கம்னு ரெண்டுக்கும் அறிகுறி ஒண்ணு. அதனால எது எதுன்னு யாராலயும் பிரிச்சுச் சொல்ல முடியாது. அந்த நேரத்துல நாம என்ன செய்வோம்? "டென்ஷனா இருக்கு, ஒரு ஸ்ட்ராங் டீ போடுங்க அண்ணா"ன்னு இன்னொரு லாரியை உள்ள விடுவோம்! எனக்குத் தெரிஞ்சு, விடற முடிவைக் கைவிட வைக்கிற காரணங்கள்ல ஆளுங்க கண்டுக்காம விடற பெரிய காரணம் இதுதான்.

இன்னொண்ணும் கவனிங்க. இந்த வேலையைச் செஞ்சது தார். நிகோடினுக்கு இதுல பங்கு இல்ல. அதனால புகையை விடறதுக்காக நிகோடின் கம், அதாவது நிகோடின் கலந்த சூயிங்கம் மெல்றவங்களுக்கும், தோல்ல நிகோடின் பேட்ச் ஒட்டிக்கிறவங்களுக்கும் டீ கணக்கு இதே மாதிரிதான் மாறும்.

என்ன செய்யணும்? விடற நாள் அன்னிக்கே டீயைப் பாதியாக்குங்க. ஆறு கிளாஸ்னா மூணு. ஒரேயடியா நிறுத்திடாதீங்க, கஃபீன் திடீர்னு நின்னா தலைவலி மண்டையைப் பிளக்கும், அதையும் சிகரெட் கணக்குலதான் எழுதுவீங்க. காலை டீயை வச்சுக்கோங்க. மத்தியானம் 2 மணிக்கு மேல வேண்டாம். கடையில லைட் டீ, இல்லேன்னா அரை கிளாஸ் கேளுங்க. டஸ்ட் டீத்தூள்ல துகள் ரொம்பச் சின்னது, சட்டுனு சாறு இறங்கும், அதனால வீட்டுலயும் தூளைக் குறைச்சு, கொதிக்க விடற நேரத்தையும் குறைங்க. கிரீன் டீக்கு மாறிட்டேன்னு நிம்மதியா இருக்காதீங்க, அதுவும் அதே செடியோட இலை, அதுலயும் கஃபீன் உண்டு. சாயங்காலம் சூடா ஏதாவது வேணும்னா சுக்குமல்லி, இல்லேன்னா மிளகு போட்ட பால். சுக்கு காபின்னு கேட்டா சில கடையில காபித்தூளும் சேர்ப்பாங்க, கேட்டு வாங்குங்க.

ஒரு எச்சரிக்கை. ஆஸ்துமாவுக்குத் தியோஃபிலின், மனநல சிகிச்சைக்கு க்ளோசபின், ஓலான்சபின் சாப்பிடறவங்களா? இந்த மருந்துகளையும் அதே நொதிதான் உடைக்குது. புகையை விட்டா ரத்தத்துல மருந்து அளவு ஏறும். விடறதுக்கு முன்னாடியே டாக்டர்கிட்ட சொல்லிடுங்க, அளவை அவர் மாத்துவார். நீங்களா மாத்த வேண்டாம்.

ஒரு நாளைக்கு எத்தனை கிளாஸ் டீ குடிக்கிறீங்கன்னு கமென்ட்ல நம்பரை மட்டும் போடுங்க, பார்ப்போம்.

[திரையில்: டிசம்பர் காலை, புல்வெளி மேல உறைபனி.]

"குளிருக்கு ஒரு தம் போட்டாத்தான் சூடு"ன்னு மலையில எல்லாரும் சொல்ற வார்த்தை. நிகோடின் தோலுக்குப் போற ரத்தக் குழாய்களைச் சுருக்கும். விரல் நுனிக்கு ரத்தம் குறையும், அதனால விரல் இன்னும் சில்லுன்னு ஆகும். கையில நெருப்பு இருக்கிறதால சூடா இருக்குன்னு தோணுது. குளிருக்கு கையுறையும் சுடுதண்ணியும் போதும். ஊட்டி 2,240 மீட்டர் உயரம், காத்தழுத்தம் கடல்மட்டத்துல இருக்கறதுல முக்கால் பங்குக்குச் சற்று மேல. அந்த மெல்லிய காத்துல வர்ற ஆக்சிஜனோட இடத்தையும் புகையில இருக்கிற கார்பன் மோனாக்சைடு பிடிச்சுக்குது, ஏன்னா ரத்தத்துல ஆக்சிஜனைச் சுமக்கிற ஹீமோகுளோபினோட அது ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல இறுக்கமா ஒட்டும். விட்ட ஒண்ணு ரெண்டு நாள்ல அது கழிஞ்சுடும்.

சரி, வெறி வந்துடுச்சு. அந்த 5 நிமிஷம் என்ன செய்யறது? முதல்ல இடத்தை விட்டு நகருங்க. டீக்கடை பெஞ்சுல உக்காந்துக்கிட்டு, பக்கத்துல ஒருத்தர் புகை விட, மனசைக் கட்டுப்படுத்தப் பார்க்கறது வீண் வேலை. போன்ல மணியைப் பார்த்துட்டு நடங்க. வேகமா 5, 10 நிமிஷம் நடந்தா வெறி குறையும். நமக்கு ரோடெல்லாம் மேடுதானே, அது இந்த விஷயத்துல வசதி.

வாய்க்கு என்ன? கேரட்! கேத்தி பள்ளத்தாக்குல விளையற கேரட்டை விரல் நீளத்துக்கு, சிகரெட் தடிமனுக்கு நறுக்கி, பத்துத் துண்டை ஒரு சின்ன டப்பாவுல போட்டு, சிகரெட் பெட்டி இருந்த அதே பாக்கெட்டுல வைங்க. கை போற இடத்துல கேரட் இருக்கும். விரல்ல பிடிக்கலாம், வாய்க்குக் கொண்டு போகலாம், நறநறன்னு மெல்லவும் நேரமாகும். கைக்கு இருந்த பழக்கத்துக்கும் வாய்க்கு இருந்த பழக்கத்துக்கும் ஒரே தீர்வு. இதுக்குப் பதிலா வர்க்கி பொட்டலத்தைப் பிரிச்சீங்கன்னா ஒண்ணு, ரெண்டுன்னு பொட்டலமே காலியாயிடும். விட்ட முதல் வருஷத்துல சராசரியா 4, 5 கிலோ எடை கூடறது சகஜம். வர்க்கியை விருந்தாளிக்கு வைங்க.

மூச்சு. மூக்கு வழியா 4 செகண்ட் இழுத்து, உதட்டைக் குவிச்சு 6, 8 செகண்ட் மெதுவா ஊதுங்க. பத்துத் தடவை செஞ்சா ரெண்டு நிமிஷம் போயிடும். கைக்குட்டையில யூகலிப்டஸ் தைலம் ஒரு சொட்டு விட்டு மோந்து பார்க்கலாம், நிகோடின் தவிப்பை அது தீர்க்காது, கவனத்தைத் திருப்பும். வாயில மட்டும் விட்டுடாதீங்க, உள்ள போனா அது விஷம். குழந்தைங்க கைக்கு எட்டாம வைங்க.

[திரையில்: கல்லாறு ஸ்டேஷன், தண்டவாளத்துக்கு நடுவுல பல் வச்ச இரும்புப் பட்டை.]

நிகோடின் கம் பத்திக் கேட்டா, "ஒரு நிகோடினை விட்டுட்டு இன்னொரு நிகோடினா?"ன்னு கேப்பாங்க. நம்ம மலை ரயிலைப் பாருங்க. மேட்டுப்பாளையத்துல இருந்து ஊட்டி 46 கிலோமீட்டர். அதுல கல்லாறுல இருந்து குன்னூர் வரைக்கும்தான் நடுவுல பல் பட்டை. அங்க 12 அடி முன்னால போனா 1 அடி ஏறற செங்குத்து. இன்ஜினோட பல்சக்கரம் அந்தப் பட்டையைக் கவ்விக்கிட்டு ஏறுது, பின்னால வழுக்காது. குன்னூர் தாண்டினா பட்டை கிடையாது, சாதாரணத் தண்டவாளத்துலயே ஊட்டிக்குப் போயிடும். கம்முக்கும் அதே வேலைதான். முதல் சில வாரச் செங்குத்துல வழுக்காம பிடிக்கும், அப்புறம் எடுத்துடலாம். புகை, தார், கார்பன் மோனாக்சைடு எதுவும் அதுல இல்ல.

காலையில எழுந்த 30 நிமிஷத்துக்குள்ள முதல் சிகரெட் பத்த வைக்கிறவங்களுக்கு 4 மில்லிகிராம், அதுக்கு மேல தாங்கறவங்களுக்கு 2 மில்லிகிராம். இதை பபிள்கம் மாதிரி மென்னு தள்ளக்கூடாது, பாதிப் பேர் தப்பு பண்றது இங்கதான். மெதுவா மெல்லுங்க, மிளகு மாதிரி சுருக்குன்னு வந்ததும் நிறுத்தி, கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவுல ஒதுக்கி வைங்க. சுருக்கு அடங்கினதும் மறுபடி நாலு மெல்லல், மறுபக்கம் ஒதுக்கல். 30 நிமிஷம் இப்படியே. நிகோடின் கன்னத்துத் தோல் வழியாத்தான் ஏறணும், எச்சிலோட வயித்துக்குப் போனா விக்கலும் நெஞ்செரிச்சலும்தான் மிச்சம். வாயில புளிப்பு இருந்தா அது ஏறாது. டீ, காபி, சோடா, எலுமிச்சை ஜூஸ் எதுவும் மெல்றதுக்கு 15 நிமிஷம் முன்னாடியும் கூடாது, மெல்லும்போதும் கூடாது. டீயைக் குடிச்சுக்கிட்டே கம்மைப் போட்டுட்டு "வேலை செய்யல"ன்னா எப்படிச் செய்யும்? வெறி தலைக்கேறற வரை காத்திருக்காம முதல் வாரங்கள்ல 1, 2 மணி நேரத்துக்கு ஒண்ணு, நாளைக்கு 24-க்கு மேல போகக்கூடாது, 12 வாரத்துல குறைச்சு நிறுத்தணும். கர்ப்பிணிகளும், சமீபத்துல மாரடைப்பு வந்தவங்களும் டாக்டரைக் கேக்காம தொடாதீங்க. இ-சிகரெட்டை நினைக்கவே வேண்டாம், 2019-லயே இந்தியாவுல தடை பண்ணிட்டாங்க.

வெளிய சொல்லக் கூச்சப்படற விஷயம் ஒண்ணு. தம் அடிச்சாத்தான் காலையில வயிறு இளகும்ங்கறவங்களுக்கு முதல் ஒண்ணு ரெண்டு வாரம் மலச்சிக்கல் வரும். நிகோடின் குடலைத் தூண்டிக்கிட்டு இருந்தது, இப்ப அது இல்ல. எழுந்ததும் ரெண்டு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணி, ராத்திரி பப்பாளி, கீரை. குடல் தானா பழகிடும்.

மலைக்காரங்களுக்கு ஒரு வேலை பாக்கி இருக்கு. ஸ்வெட்டர், குல்லா, சால்வை எல்லாத்துலயும் பழைய புகை வாடை ஊறியிருக்கும், அதைப் போட்டாலே மனசு தேடும். விடற தேதிக்கு ஒரு வாரம் முன்னாடியே துவைச்சுடுங்க, மழைக்காலத்துல கம்பளி காய எத்தனை நாள் ஆகும்னு உங்களுக்கே தெரியும். கல்லட்டியில 36 கொண்டை ஊசி வளைவு ஓட்டற டிரைவர் அண்ணன்மார் வண்டியில இருக்கிற லைட்டர், சாம்பல் தட்டு ரெண்டையும் கழட்டிட்டு அங்க கேரட் டப்பாவை வைங்க. குடிக்கிறவங்க முதல் சில வாரம் அதையும் தள்ளி வைங்க, ரெண்டாவது ரவுண்டுல சிகரெட் தானா கைக்கு வந்துடும்.

"ஒரே ஒரு இழுப்பு"ன்னு கூட்டாளி நீட்டுவார். ஒண்ணு ரெண்டு இழுப்புலயே மூளையில நிகோடின் ஒட்டற இடங்கள்ல ஏறக்குறைய பாதி நிரம்பிடும், சில மணி நேரம் அப்படியே இருக்கும். அதனால இழுப்பைச் சின்னதுன்னு எண்ணாதீங்க. கை தவறி ஒண்ணு பிடிச்சுட்டீங்களா? மிச்சத்தை உடனே தண்ணியில நனைச்சுக் குப்பையில போடுங்க. எத்தனை மணி, எந்த இடம், கூட யாருன்னு போன்ல எழுதுங்க. நாளைக்கு அந்த மணிக்கு அந்த இடத்துல இருக்காதீங்க. நாள் கணக்கு போச்சேன்னு திங்கக்கிழமைக்குத் தள்ளிப் போடாம, அடுத்த நிமிஷத்துல இருந்தே தொடருங்க.

தனியா முடியலன்னா ஒரு நம்பர் இருக்கு, 1800-11-2356. இலவசம், தமிழ்லயும் பேசுவாங்க. இந்த நம்பரை 2018-ல இருந்து சிகரெட் பெட்டி மேலயே அச்சடிக்கிறாங்க. கடைசிப் பெட்டியைத் தூக்கிப் போடறதுக்கு முன்னாடி போன்ல ஏத்திக்கோங்க.