கட்டுப்பாடு எதுவும் இல்லை, ஆனாலும் 184 பேர் பிழைத்தார்கள்: யுனைடெட் 232 விமானத்தின் 44 நிமிடங்கள்

விமானியின் கையில் இருக்கும் கட்டுப்பாட்டுச் சக்கரம் இடப்பக்கம் கடைசி வரை திருப்பப்பட்டிருக்கிறது. விமானமோ வலப்பக்கம் சாய்ந்துகொண்டே போகிறது. இன்னும் சில நொடிகள் விட்டால் தலைகீழாகப் புரண்டுவிடும். உயரம் 37,000 அடி. உள்ளே 296 பேர்.

அந்த 296 பேரில் 184 பேர் உயிரோடு வீடு திரும்பினார்கள். விமானப் போக்குவரத்தின் வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த கதை இது. ஏன் பிடிக்கும் என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குழுப்பணி, நன்றி, நோக்கம் என்ற மூன்று சொற்களை அலுவலகக் கூட்டங்களில் கேட்டுக் கேட்டு நமக்குக் காது புளித்துவிட்டது. அந்த மூன்றும் ஒரே பிற்பகலில் எத்தனை உயிர்களைக் காப்பாற்றின என்று எண்ணிச் சொல்ல முடிந்த நாள் ஒன்று உண்டு. 1989 ஜூலை 19.

[திரையில்: அமெரிக்க வரைபடம். டென்வரிலிருந்து சிகாகோவுக்கு ஒரு கோடு.]

பின்னணியை வேகமாகப் பார்த்துவிடுவோம். டென்வரிலிருந்து சிகாகோவுக்குப் புறப்பட்ட, யுனைடெட் ஏர்லைன்ஸ் நிறுவனத்தின் டிசி-10 விமானம் அது. இறக்கைகளுக்குக் கீழே இரண்டு இன்ஜின்கள், வாலில் ஒன்று. பிற்பகல் 3.16 மணிக்கு வால் இன்ஜினின் விசிறித் தட்டு உடைந்து சிதறியது. டைட்டானியத்தில் அந்தத் தட்டை வார்த்தபோதே உள்ளே ஒரு குறை இருந்திருக்கிறது. அதிலிருந்து கிளம்பிய விரிசல் சோதனைகளில் யார் கண்ணிலும் படவில்லை. சிதறிய துண்டுகள் வால் பகுதியில் ஓடிய ஹைட்ராலிக் குழாய்களை அறுத்தன.

இங்கேதான் கவனிக்க வேண்டும். பெரிய விமானத்தில் விமானி சக்கரத்தைத் திருப்பினால், இந்த ஹைட்ராலிக் குழாய்களில் அழுத்தத்தோடு ஓடும் எண்ணெய்தான் இறக்கையிலும் வாலிலும் இருக்கும் பலகைகளை அசைக்கிறது. டிசி-10இல் இதற்கு ஒன்றோடொன்று தொடர்பில்லாத மூன்று அமைப்புகள் உண்டு. மூன்றும் ஒரே நேரத்தில் போகவே போகாது என்ற நம்பிக்கையில் கட்டிய விமானம் அது. மூன்றும் போய்விட்டன. திருப்ப முடியாது, ஏற்ற முடியாது, இறக்க முடியாது. தரையைத் தொட்ட பிறகு பிரேக்கும் பிடிக்காது. இந்த நிலைக்கு என்ன செய்ய வேண்டும் என்று சொல்லும் ஒரு பக்கம்கூட விமானத்தின் கையேட்டில் கிடையாது.

துணை விமானி வில்லியம் ரெக்கார்ட்ஸ் சக்கரத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். கேப்டன் ஆல் ஹெய்ன்ஸ் சட்டென்று இடது இன்ஜினின் விசையைக் குறைத்து, வலது இன்ஜினை முழு வேகத்துக்குத் தள்ளினார். சாய்ந்த இறக்கை மெல்ல நிமிர்ந்தது. இரண்டு துடுப்புகள் உள்ள படகில் வலது துடுப்பை மட்டும் அழுத்திப் போட்டால் படகு இடப்பக்கம் திரும்பும் அல்லவா, அதே கணக்குதான். இனி இந்த விமானத்தை ஓட்ட இருக்கும் ஒரே வழி, இரண்டு இன்ஜின்களின் விசைப்பிடிகள்.

ஃப்ளைட் இன்ஜினியர் டட்லி ட்வோராக் நிறுவனத்தின் சான் பிரான்சிஸ்கோ பராமரிப்பு மையத்தோடு பேசினார். மூன்று ஹைட்ராலிக் அமைப்புகளும் போய்விட்டன என்பதை அவர்களால் நம்பவே முடியவில்லை. திரும்பத் திரும்ப அதையே கேட்டார்கள். தரையில் இருந்த நிபுணர்களிடமும் விடை இல்லை.

அப்போது பயணிகள் பகுதியிலிருந்து ஒரு செய்தி வந்தது. முதல் வகுப்பில் டென்னி ஃபிட்ச் என்று ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். அதே நிறுவனத்தில் டிசி-10 விமானிகளுக்குப் பயிற்சி தருபவர். அன்று பணியில் இல்லை, வெறும் பயணி. உதவட்டுமா என்று கேட்டு அனுப்பியிருக்கிறார். ஹெய்ன்ஸ் உடனே அவரை வரச் சொன்னார்.

இந்த இடத்தில் வீடியோவைச் சற்று நிறுத்தி, உங்கள் அலுவலகத்தை நினைத்துப் பாருங்கள். பெரிய சிக்கல். பொறுப்பு முழுக்க உங்கள் தலையில். அந்த நேரத்தில் வேறு பிரிவிலிருந்து அனுபவசாலி ஒருவர் வந்து கதவைத் தட்டுகிறார். எத்தனை மேலாளர்கள் கதவைத் திறப்பார்கள்? "நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்று சொல்லி அனுப்பிவிடுபவர்களே அதிகம். நான் பார்த்த பல வேலைகள் கெட்டது இந்த ஒரு வாக்கியத்தால்தான்.

உள்ளே வந்த ஃபிட்ச் கேட்டதும் அழகு. என்ன செய்ய வேண்டும் என்று சொல்லுங்கள், செய்கிறேன் என்றார். பயிற்சியாளர் என்ற கெத்து இல்லை, அறிவுரை இல்லை. விமானிகள் இருவரும் தங்கள் சக்கரங்களோடு போராடிக்கொண்டிருந்ததால், இரண்டு விசைப்பிடிகளையும் அவர் கையில் ஒப்படைத்தார்கள். இரு இருக்கைகளுக்கும் நடுவில் மண்டியிட்டு, கைக்கு ஒன்றாகப் பிடித்துக்கொண்டார்.

[திரையில்: விமானத்தின் மூக்கு ஏறி இறங்கும் அலைபோன்ற கோடு.]

அவருக்குக் கிடைத்த வேலை எவ்வளவு கடினம் என்பது பலருக்குத் தெரியாது. எனக்கு மிகவும் வியப்பைத் தந்த பகுதி இது. விமானம் நேர்கோட்டில் பறக்கவில்லை. மூக்கு கீழே சாயும், வேகம் கூடும். வேகம் கூடினால் இறக்கைக்குத் தூக்குவிசை கூடி, மூக்கு தானே மேலே எழும். எழுந்ததும் வேகம் குறையும், மறுபடி மூக்கு சாயும். ஏறக்குறைய நிமிடத்துக்கு ஒரு முறை இந்த ஊசலாட்டம். ஒவ்வொரு முறையும் உயரம் குறைந்துகொண்டே வருகிறது. இதை அடக்க வேண்டுமானால், மூக்கு தரையை நோக்கிச் சாய்ந்து வேகம் பிடிக்கும்போது விசையைக் கூட்ட வேண்டும். மூக்கு மேலே எழுந்து வேகம் குறையும்போது விசையைக் குறைக்க வேண்டும். விமானியின் உடம்பில் ஊறிப்போன பழக்கம் முழுவதும் இதற்கு நேர் எதிராகக் கத்தும். போதாததற்கு, விமானம் வலப்பக்கமே இழுத்துக்கொண்டிருந்ததால் இரண்டு கைகளும் இரண்டு வேறு அளவில் வேலை செய்ய வேண்டும்.

ஃபிட்சுக்கு இதைப் பற்றி முன்பே ஒரு யோசனை இருந்தது. 1985இல் ஜப்பான் ஏர்லைன்ஸ் 123 விமானம் இதேபோல் ஹைட்ராலிக் முழுவதையும் இழந்து மலையில் மோதியதில் 520 பேர் இறந்தார்கள். அதைப் படித்த பிறகு, விசைப்பிடிகளால் மட்டுமே ஒரு விமானத்தை ஓட்ட முடியுமா என்று, தரையிலேயே பறப்பதுபோல் பழகும் சிமுலேட்டரில் முயன்று பார்த்திருக்கிறார். யாரும் அவருக்கு அந்த வேலையைக் கொடுக்கவில்லை. சான்றிதழும் கிடையாது. செய்யும் தொழிலில் ஒரு மனிதருக்கு நோக்கம் இருந்தால் அது இப்படித்தான் இருக்கும் என்று நான் நம்புகிறேன்.

அடுத்தது, விமானி அறையின் ஒலிப்பதிவில் இருக்கும் ஒரு சின்னப் பேச்சு. தரையிறங்கச் சில நிமிடங்களே இருக்கின்றன. ஃபிட்ச் இன்னும் இருக்கை இல்லாமல்தான் இருக்கிறார். ட்வோராக் அவரிடம் தன் இருக்கையில் உட்காருகிறீர்களா என்று கேட்கிறார். உங்களுக்குப் பரவாயில்லையா என்கிறார் ஃபிட்ச். பரவாயில்லை, அதை என்ன செய்வதென்று உங்களுக்குத்தான் தெரிந்திருக்கிறது என்று சொல்லி எழுந்துவிடுகிறார் ட்வோராக். பெரிய மோதல் வரப்போகிறது என்று எல்லோருக்கும் தெரிந்த நேரத்தில், தன் இடத்தை இன்னொருவருக்குக் கொடுத்துவிட்டு, பின்னால் இருந்த கூடுதல் இருக்கைக்குப் போகிறார். குழுப்பணி பற்றி நான் படித்த எல்லா விளக்கங்களையும் இந்த இரண்டு வரிக்கு ஈடாகக் கொடுத்துவிடுவேன்.

இவர்களெல்லாம் பிறவியிலேயே நல்லவர்களா? நல்லவர்கள்தான். ஆனால் பயிற்சியும் இருந்தது. 1978இல் இதே யுனைடெட் நிறுவனத்தின் விமானம் போர்ட்லாந்து நகருக்கு மேலே, தரையிறங்கும் சக்கரத்தில் இருந்த சிக்கலை ஆராய்ந்தபடியே வட்டமடித்து, எரிபொருள் தீர்ந்து விழுந்தது. பத்துப் பேர் இறந்தார்கள். எரிபொருள் குறைவது உடன் இருந்தவர்களுக்குத் தெரிந்திருந்தது. கேப்டனிடம் அழுத்திச் சொல்லவில்லை. அதன் பிறகுதான் கேப்டன்களுக்குக் கேட்கவும், மற்றவர்களுக்குப் பேசவும் கற்றுக்கொடுக்கும் பயிற்சியை அந்த நிறுவனம் தொடங்கியது. இன்று உலகம் முழுவதும் விமானிகளுக்கு அது கட்டாயப் பாடம்.

பின்னாளில் ஹெய்ன்ஸ் தன் உரைகளில் இதையே சொன்னார். அன்று அந்த அறையில் மொத்தம் 103 ஆண்டு பறந்த அனுபவம் இருந்தது, அதில் ஒரு நிமிடம்கூட இந்த நிலைக்கான பயிற்சி இல்லை. அப்படியிருக்க, மற்ற மூவரைவிட எனக்கு மட்டும் எப்படி அதிகமாகத் தெரிந்திருக்கும் என்பது அவருடைய கேள்வி. கேப்டன் பேசும் பேச்சா இது என்று ஒரு காலத்தில் சிரித்திருப்பார்கள்.

அயோவா மாநிலத்தின் சூ சிட்டி விமான நிலையம்தான் கைக்கு எட்டியது. கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் இருந்தவர் கெவின் பாக்மன். இதற்கு முன் வேலை பார்த்த இடத்தில் மன அழுத்தம் அதிகம் என்று இந்த அமைதியான ஊருக்கு மாற்றல் வாங்கி வந்தவர்! எந்த ஓடுதளத்தில் வேண்டுமானாலும் இறங்கலாம் என்று அவர் அனுமதி கொடுத்தபோது, ஓடுதளத்தில்தான் இறங்க வேண்டும் என்று குறிப்பாகச் சொல்கிறீர்களா என்று ஹெய்ன்ஸ் சிரித்தார். அந்த நிலையிலும் வந்த சிரிப்பு அது.

இறங்க நினைத்தது ஒரு ஓடுதளம், விமானம் நேராக வந்தது வேறொன்றை நோக்கி. அது மூடிக்கிடந்த பழைய ஓடுதளம் 22. தீயணைப்பு வண்டிகள் அதன்மேல்தான் நின்றிருந்தன, அவசரமாக விலகின. மாலை 4 மணிக்கு, மணிக்குச் சுமார் 400 கிலோமீட்டர் வேகத்தில் விமானம் தரையைத் தொட்டது. வலது இறக்கையின் நுனி முதலில் மோத, விமானம் உடைந்து தீப்பிடித்தது. 112 பேர் இறந்தார்கள். விமானி அறை தனியாகப் பிய்ந்து நசுங்கிக் கிடந்தது. அதற்குள் ஆள் இருக்கிறார்கள் என்று தெரியவே அரைமணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. நால்வரும் பிழைத்தார்கள்.

பிறகு அதே நிலையைச் சிமுலேட்டரில் அமைத்துப் பார்த்த ஆய்வாளர்கள், இப்படி ஒரு விமானத்தைப் பத்திரமாக இறக்குவது ஏறக்குறைய நடக்காத காரியம் என்ற முடிவுக்கு வந்தார்கள்.

இனி நன்றிக்கு வருகிறேன். நம் ஊர் விழாக்களில் நன்றியுரை கடைசியில் வரும். அதற்குள் பாதிப் பேர் எழுந்து போயிருப்பார்கள். வாசிப்பவரும் பெயர்களை ஒரே மூச்சில் படித்துவிட்டு இறங்கிவிடுவார். அலுவலகத்தில் வரும் "அனைவரின் ஒத்துழைப்புக்கும் நன்றி" என்ற மின்னஞ்சலும் அப்படித்தான். யாருக்கு, எதற்கு என்று இருக்காது.

ஹெய்ன்ஸ் 1991இல் ஓய்வு பெற்று, 2019இல் தன் 87ஆம் வயதில் இறக்கும் வரை ஊர் ஊராகப் போய்ப் பேசினார். நாயகன் என்று அவரை அழைத்தார்கள். அவரோ ஒவ்வொரு மேடையிலும் ஐந்து காரணங்களை அடுக்கினார்: அதிர்ஷ்டம், தகவல் தொடர்பு, முன்தயாரிப்பு, செயல்பாடு, ஒத்துழைப்பு. ஒவ்வொன்றின் கீழும் ஆட்கள் வந்தார்கள். பதற்றமில்லாத குரலில் பேசிய பாக்மன் வந்தார். பயணிகளைத் தயார்ப்படுத்திய விமானப் பணியாளர்கள் வந்தார்கள். அன்று நிலையத்தில் பணியில் இருந்த அயோவா வான்படைக் காவலர்கள் 285 பேர் வந்தார்கள். ஷிஃப்ட் மாறும் நேரம் என்பதால் இரண்டு ஷிஃப்ட் ஊழியர்களும் இருந்த மருத்துவமனைகள் வந்தன. பெரிய விமானம் ஒன்று விழுவதுபோல் 1987லேயே ஒத்திகை நடத்திவைத்திருந்த ஊர் வந்தது. இப்படி நன்றி சொல்ல வேண்டுமானால், யார் என்ன செய்தார் என்று உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்டிருக்க வேண்டும். அந்த உழைப்பைத்தான் நான் மதிக்கிறேன்.

விமானப் பணியாளர்களின் தலைவி ஜேன் பிரவுனை நான் விட்டுவிட முடியாது. மடியில் வைத்திருந்த குழந்தைகளை மோதலுக்கு முன் தரையில் வைத்துப் பிடித்துக்கொள்ளும்படி, அன்றைய விதிப்படி, அவர் பெற்றோரிடம் சொன்னார். அப்படி இருந்த நான்கு குழந்தைகளில் ஒன்று இறந்தது. எல்லாக் குழந்தைக்கும் தனி இருக்கையும் பெல்ட்டும் வேண்டும் என்று அதன் பிறகு பல ஆண்டுகள் போராடினார், நாடாளுமன்றக் குழு வரை போய்ப் பேசினார். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளை மடியில் வைக்க அமெரிக்க விதி இன்றும் அனுமதிக்கிறது. இது எனக்குக் கோபம் தரும் விஷயம்.

2000களின் தொடக்கத்தில் ஹெய்ன்ஸின் மகளுக்கு எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சை தேவைப்பட்டது. செலவு முழுவதையும் காப்பீடு ஏற்கவில்லை. செய்தி பரவியதும் பணம் வரத் தொடங்கியது. அனுப்பியவர்களில் 232இல் உயிர் பிழைத்தவர்களும், அதில் உறவுகளைப் பறிகொடுத்தவர்களும் இருந்தார்கள்.

உங்களிடம் ஒன்று கேட்கிறேன். உங்கள் வேலையில் ஒருவர் செய்த ஒரு குறிப்பிட்ட காரியத்தைக் கீழே எழுதுங்கள். பெயர் வேண்டாம். அவர் என்ன செய்தார், எப்போது செய்தார், அது இல்லாவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று எழுதுங்கள். எழுதியதை அப்படியே அவருக்கும் அனுப்பிவிடுங்கள். போர்ட்லாந்து விபத்தின் கடைசி ஒரு மணி நேரத்தை அடுத்த வீடியோவில் விரிவாகப் பார்ப்போம்.