அடுப்பில் எரிந்த ஏடும் பெட்டகத்தில் உதிர்ந்த ஏடும்

நடுவர் அவர்களுக்கும், இரு அணியினருக்கும், இந்நேரம் வரை எழுந்து போகாமல் அமர்ந்திருக்கும் உங்களுக்கும் வணக்கம். "ஆதிக் கிறிஸ்தவத்தின் தள்ளுபடி நூல்கள் அழிந்தது பெரிதும் தடையாலா, அலட்சியத்தாலா?" என்பது தலைப்பு. தள்ளுபடி என்றதும் எத்தனை விழுக்காடு என்று கேட்பதுபோல முன்வரிசையில் சிலர் நிமிர்ந்து பார்த்தார்கள். மன்னிக்க வேண்டும், இது திருச்சபை தன் வேதாகமத்தில் சேர்க்காமல் தள்ளி வைத்த சுவிசேஷங்கள், அதாவது நற்செய்தி நூல்கள் பற்றிய பேச்சு. நான் அலட்சியத்தின் மேல் குற்றம் சாட்ட வந்திருக்கிறேன்.

எனக்கு முன் பேசிய எதிரணித் தலைவர், "அலட்சியம் என்று பேசுகிற இந்த அணி கடைசியில் யார் தலையில் பழியைப் போடும் தெரியுமா? ரொட்டி சுட அடுப்பு மூட்டிய ஓர் ஏழைத் தாயின் தலையில்தான்" என்று சொல்லிக் கைதட்டலை அள்ளிக்கொண்டு போய் அமர்ந்தார். ஐயா, அந்தக் கைதட்டலை வட்டியோடு திருப்பி வாங்காமல் நான் இந்த மேடையை விட்டு இறங்குவதாக இல்லை.

அந்தத் தாயின் கதையை அவர் பாதிதான் சொன்னார். 1945 டிசம்பரில், எகிப்தின் நாக் ஹம்மாதி என்னும் ஊருக்கு அருகே, மலையடிவாரத்தில் வயலுக்கு உரமண் வெட்டப் போன முகமது அலி என்ற உழவரின் மண்வெட்டி ஒரு சாடியில் போய்த் தட்டியது. வாய் மூடிய பழைய சாடி. உடைத்தால் உள்ளே அடைபட்டிருக்கும் ஜின் கிளம்பிவிடுமோ என்று பயம். உடைக்காமல் விட்டால் உள்ளே இருக்கும் தங்கம் போய்விடுமே என்று கவலை. மண்வெட்டி ஓங்குகிறது, ஜின் நினைவுக்கு வருகிறது, இறங்குகிறது; தங்கம் நினைவுக்கு வருகிறது, மறுபடியும் ஓங்குகிறது. நடுவர் அவர்களே, பேய்க்கும் தங்கத்துக்கும் போட்டி வந்தால் எது ஜெயிக்கும் என்பது வீட்டில் கல்யாணம் நடத்திய உங்களுக்குத் தெரியாததா? சாடி உடைந்தது. ஜின்னும் வரவில்லை, தங்கமும் வரவில்லை. தோலுறை போட்ட பழைய புத்தகங்கள் வந்தன! அந்த மனிதரின் முகம் எப்படி விழுந்திருக்கும் என்று கொஞ்சம் எண்ணிப் பாருங்கள். அவர் கையில் இருந்தவை எகிப்தியக் கிறிஸ்தவர்களின் பழைய மொழியான காப்டிக்கில் எழுதிய 13 ஏட்டுத் தொகுதிகள். அவற்றுள் 50க்கும் மேற்பட்ட நூல்கள். இயேசு சொன்னதாக 114 மொழிகளைத் தரும் தோமா நற்செய்தி அவற்றுள் ஒன்று. அவர் அத்தனையையும் வீட்டுக்குக் கொண்டுபோய் அடுப்போரம் வைக்கோலோடு போட்டார். வைக்கோலோடு சில தாள்களையும் தாய் எரித்துவிட்டதாக மகனே பின்னாளில் சொன்னார்.

எதிரணித் தலைவர் அவர்களே, நான் அந்தத் தாய்க்கு வக்கீலாக வந்திருக்கிறேன். மகன் இந்தச் சாட்சியம் சொன்னது ஏறத்தாழ 30 ஆண்டுகள் கழித்து; அந்தக் கதையையே இன்று ஆய்வாளர் சிலர் ஐயுறுகிறார்கள். அது முழு உண்மையாகவே இருக்கட்டும். காப்டிக் எழுத்து அறியாத ஒரு வீட்டில், அடுப்பின் முன்னால், வைக்கோலுக்கும், கோரைத் தண்டில் செய்த பாப்பிரஸ் தாளுக்கும் என்ன வேறுபாடு? அறியாமல் எரித்ததற்கு அலட்சியம் என்று பெயரில்லை. அறிந்தவர்கள் செய்ததைக் கேளுங்கள்.

1970களில் எகிப்தில் யூதாஸ் நற்செய்தி கிடைத்தது. அது தங்கம் என்று தெரிந்தவர்கள் கையில்தான் கிடைத்தது. கேட்ட விலை படியவில்லை என்பதற்காக நியூயார்க் மாநிலத்து வங்கிப் பெட்டகம் ஒன்றில் 16 ஆண்டுகள் கிடந்து உதிர்ந்தது. பிறகு கைமாறிப் போன இடத்தில், பாதுகாப்பதாக எண்ணி அதை ஃப்ரீசரில் வைத்தார்கள். ஃப்ரீசரில், ஐயா! பாலைவனம் நூற்றாண்டுக் கணக்கில் பொத்தி வைத்த ஏடு, 2006இல் அச்சில் வந்தபோது பக்கத்துக்குப் பக்கம் ஓட்டையாக வந்தது. அந்தத் தாய்க்கு ஓர் அடுப்பு எரிய வேண்டியிருந்தது. இவர்களுக்கு என்ன அவசரம்?

மரியாள் நற்செய்தி 1896இல் கெய்ரோவில் விலைக்கு வாங்கப்பட்டு பெர்லினுக்குப் போனது. 19 பக்கங்களில் 10 பக்கங்கள் இல்லாத அந்த நூலை 1912இல் அச்சிட முனைந்தபோது அச்சகத்தில் தண்ணீர்க் குழாய் உடைந்து அச்சுப்படிகள் பாழாயின, பிறகு இரண்டு உலகப் போர்கள், வெளிவந்தது 1955இல்.

தடை இருந்தது, மறுக்கவில்லை. 367இல் அலெக்சாந்திரியாவின் ஆயர் அத்தனாசியு புதிய ஏற்பாட்டுக்கு 27 நூல்களின் பட்டியலை எழுதி, மற்றவற்றை விலக்கச் சொன்னார். அந்தக் கடிதத்துக்கு அஞ்சித்தான் நாக் ஹம்மாதிக்கு அருகிலிருந்த மடத்துத் துறவிகள் ஏடுகளைச் சாடியில் புதைத்தார்கள் என்று எதிரணியே சொன்னது. அப்படியானால் காப்பாற்றியது தடைதானே! நடுவர் சிரிக்கிறார், இது வாதமா என்று அவர் கேட்பதற்குள் நான் அக்மீமுக்குப் போய்விடுகிறேன்.

அக்மீமும் எகிப்தில்தான். 1886ஆம் ஆண்டின் குளிர்காலத்தில் அங்கே தோண்டியபோது, ஒரு துறவியின் கல்லறையில் ஒரு சிறு ஏடு கிடைத்தது. அதில் பேதுரு நற்செய்தியின் ஒரு துண்டு இருந்தது. படியெடுத்தவருக்குக் கிடைத்ததே தலையும் வாலும் இல்லாத துண்டுதான் என்கிறார்கள். ஏனென்றால், பாதியில் தொடங்கிப் பாதியில் நிற்கும் அந்த எழுத்துக்கு முன்னும் பின்னும் அவர் அலங்காரம் வரைந்து வைத்திருக்கிறார். பெயர் தெரியாத அந்த மனிதரை எண்ணும்போது எனக்குத் தொண்டை அடைக்கிறது. முழுமை இல்லையே என்று அவர் தூக்கிப் போடவில்லை. விடுபட்ட இடத்தைத் தன் சொந்தச் சரக்கால் நிரப்பவும் இல்லை. கிழிந்த ஒன்றைக் கிழிந்தபடியே எழுதி, குழந்தைக்குப் பொட்டு வைப்பதுபோல ஓரத்தில் கோலம் போட்டார். யாரோ அதை இன்னொருவரின் சவக்குழியில் துணைக்கு வைத்தார்கள்.

அந்த ஏட்டின் கடைசி வரிகளில், சிலுவைக்குப் பின் சீடர்கள் அழுதுகொண்டே வீடு திரும்புகிறார்கள். பேதுரு சொல்கிறார்: "நானும் என் சகோதரன் அந்திரேயாவும் வலைகளை எடுத்துக்கொண்டு கடலுக்குப் போனோம்; அல்பேயுவின் குமாரனாகிய லேவியும் எங்களோடிருந்தான்; அவனைக் கர்த்தர்..."

நடுவர் அவர்களே, ஏடு அங்கே நிற்கிறது. நானும் அங்கேயே நிற்கிறேன். வணக்கம்.