கொலாஜன் ஸ்பாஞ்சில் குருத்தெலும்பு வளர்க்கிறது: செல் ஏத்துற அந்த ஒரு மணி நேரம்

எல்லாருக்கும் வணக்கம். இதோ, கேமராவுக்குக் கிட்ட காட்டுறேன் பாருங்க. 8 மில்லிமீட்டர் அகலம், 2 மில்லிமீட்டர் கனம், ஒரு வெள்ளை வில்லை. உறைய வெச்சு உலர்த்தின டைப் 1 கொலாஜன், அதாவது தோல், எலும்புல இருக்கிற நார்ப் புரதம். பொரி மாதிரி, எடையே தெரியாது. இதுக்குள்ளதான் குருத்தெலும்பு வளரணும்.

குருத்தெலும்புல ரத்தக்குழாய் கிடையாது. அதனால அடிபட்டா தானா ஆறுறது ரொம்பக் கஷ்டம். 1994ல ஸ்வீடன்ல பிரிட்பெர்க், பீட்டர்சன் குழு நோயாளியோட சொந்தச் செல்லையே வளர்த்து முழங்கால்ல வெச்சு, 23 பேரோட முடிவை வெளியிட்டாங்க. அப்போ எலும்பை மூடியிருக்கிற சவ்வைத் தெச்சு, அதுக்கு அடியில செல் கரைசலை ஊசியால விட்டாங்க. இப்போ செல்லை கொலாஜன் மேலயே ஏத்திடுறாங்க. 2016 டிசம்பர்ல அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ ஒப்புதல் கொடுத்த மாசி (MACI)ங்கிற சிகிச்சைப் பொருள் அப்படித்தான். பன்றிக் கொலாஜன் சவ்வு, சதுர சென்டிமீட்டருக்குக் குறைஞ்சது 5 லட்சம் செல்.

செல் எடுக்கிறதுக்கு, எடை தாங்காத இடத்துலேர்ந்து 200, 300 மில்லிகிராம் குருத்தெலும்பு போதும். 1 மில்லிமீட்டர் துண்டா நறுக்குங்க. கொலாஜனைக் கரைக்கிற நொதியான கொலாஜனேஸ் டைப் 2, 0.2 சதவீதம், 37 டிகிரி, ராத்திரி முழுக்க மெதுவா ஆடிக்கிட்டே இருக்கட்டும். காலையில உடனே வடிகட்டிடுங்க, நொதியில கூடுதல் நேரம் கிடந்தா செல் சாகும்.

அடுத்து, செல்லைப் பெருக்குற பிளாஸ்க். இங்கதான் பெரிய சிக்கலே. தட்டையான பிளாஸ்டிக்ல பெருக விட்டா குருத்தெலும்புச் செல் தன் தொழிலையே மறந்துடும். உருண்டையா இருந்தது நார்ச்செல் மாதிரி நீண்டுடும், குருத்தெலும்புக்கே உரிய டைப் 2 கொலாஜனை விட்டுட்டு டைப் 1 பண்ண ஆரம்பிக்கும். எண்ணிக்கைக்கு ஆசைப்பட்டு நாலு, அஞ்சு பாசேஜ் (நிறைஞ்ச செல்லைப் பிரிச்சுப் புது பிளாஸ்க்குக்கு மாத்துறது) போகாதீங்க. ரெண்டோட நிறுத்துங்க.

இப்போ ஏத்துற வேலை. இந்த வில்லையோட கன அளவு ஏறக்குறைய 100 மைக்ரோலிட்டர். அதனால 20 லட்சம் செல்லை 80 மைக்ரோலிட்டர்ல கலக்குங்க. 150 எடுத்தா வழிஞ்சிடும், செல் எல்லாம் தட்டோட அடியில போய் ஒட்டிக்கும். ஒட்டாத தட்டு இல்லேன்னா அடியில அகரோஸ் ஜெல் பூசிக்கோங்க. மேல 40 மைக்ரோலிட்டரைச் சொட்டுச் சொட்டா விட்டு, 15 நிமிஷம் கழிச்சு இடுக்கியால விளிம்பைப் பிடிச்சு மெதுவா திருப்பி, மீதி 40. நனைஞ்சதும் ரசத்துல போட்ட அப்பளம் மாதிரி துவண்டுடும், அழுத்திப் பிடிச்சா நுண்துளை மூடிக்கும். உள்ள வெள்ளையா ஒரு புள்ளி தெரிஞ்சா அது சிக்கின காத்து. அங்க செல் போகல. அப்புறம் 1 மணி நேரம் இன்குபேட்டர்ல. பக்கத்துக் குழிகள்ல பிபிஎஸ்ங்கிற உப்புக் கரைசலை ஊத்தி வைங்க, இல்லேன்னா காஞ்சிடும். கடைசியா ஊடகத்தை, அதாவது செல்லுக்கான சத்துக் கரைசலை, குழியோட சுவர் ஓரமா விடுங்க. நேரா வில்லை மேல விட்டா ஏத்தின செல் எல்லாம் கழுவிக்கிட்டுப் போயிடும்.

ஊடகம் சீரம் இல்லாத டிஎம்இஎம். அதுல ஐடிஎஸ் (இன்சுலின், டிரான்ஸ்ஃபெரின், செலினியம் கலவை), 100 நானோமோலார் டெக்ஸாமெத்தசோன்ங்கிற ஸ்டீராய்டு, மில்லிலிட்டருக்கு 10 நானோகிராம் டிஜிஎஃப் பீட்டா 3ங்கிற வளர்ச்சிக் காரணி, மில்லிலிட்டருக்கு 50 மைக்ரோகிராம் அஸ்கார்பிக் ஆசிட் 2-பாஸ்பேட் (வைட்டமின் சியோட நிலையான வடிவம்). இந்த அஸ்கார்பிக்கை யாரும் விட்டுடாதீங்க. அது இல்லேன்னா கொலாஜனோட மூணு புரி நிலைக்காது. வைட்டமின் சி குறைஞ்சா வர்ற ஸ்கர்வி நோயில நடக்கிறதும் இதேதான். டிஜிஎஃப்பை ஒவ்வொரு தடவையும் புதுசா சேருங்க. ஊடகத்தை ரெண்டு, மூணு நாளைக்கு ஒருதடவை மாத்தணும்.

ஒரு வாரத்துல வில்லை சுருங்குதா? செல் கொலாஜன் இழையைப் பிடிச்சு இழுக்குது. இழைகளை ஒண்ணோடொண்ணு கட்டுற குறுக்கிணைப்பு போதலைன்னு அர்த்தம். செல் போடுறதுக்கு முன்னாடியே ஈடிசிங்கிற வேதிப்பொருள்லயோ, வெற்றிடத்துல 105 டிகிரி சூட்டுலயோ இணைச்சிருக்கணும்.

நாலாவது வாரம் நடுவால வெட்டி சஃப்ரானின் ஓ சாயம் போடுங்க. நிறைய தடவை ஓரம் மட்டும் நல்ல சிவப்பா, நடு வெளிறிப்போய் இருக்கும். உணவும் ஆக்ஸிஜனும் ஊறித்தான் உள்ள போகணும், ஓரத்துச் செல்லே பாதியைத் தின்னுடுது. தட்டை ஆட்டுற ஷேக்கர்ல வைங்க, இல்ல கனத்தைக் குறைங்க. சிவப்பு வந்துடுச்சுன்னு அதோட நிறுத்திடவும் வேண்டாம். அந்தச் சாயம் குருத்தெலும்புல இருக்கிற சர்க்கரைச் சங்கிலிகளைத்தான் காட்டும். டைப் 2 கொலாஜன் வந்திருக்கான்னு அதை மட்டும் அடையாளம் கண்டு ஒட்டிக்கிற ஆன்டிபாடி போட்டுத்தான் தெரியும், பக்கத்துலயே டைப் 1க்கும் ஒண்ணு போடுங்க. ஆனா வில்லையே டைப் 1. அதனால செல் ஏத்தாத வெறும் வில்லை ஒண்ணையும் கூடவே வெட்டி ஒப்பிட்டுப் பாருங்க.